நிறைந்த நாளில் ஐந்து நிமிடம்

ஹைதராபாத்தில் வியாபாரம் பேசப் போனால் யாரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லிவிட மாட்டார்கள். அது மரியாதை இல்லை. 'சூத்தாம்மா' என்பார்கள். 'பார்க்கலாம் அம்மா' என்று அர்த்தம். உட்காரவைத்து டீ கொடுப்பார்கள், ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள், வாசல்வரை வந்து 'சூத்தாம்' என்று வழியனுப்புவார்கள். அதற்கப்புறம் நீங்கள் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். ருக்மிணி இந்த வார்த்தையை உப்பலிலிருந்து பாலாநகர் வரை எல்லா இடத்திலும் கேட்டுவிட்டாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு டீயே பிடிக்காமல் போய்விட்டது.

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு காய்கறிக் கடைக்கும் ஒரு டியூஷன் சென்டருக்கும் நடுவில் இருக்கிற ஷட்டர்தான் அவளுடைய தையல் யூனிட். மாயவரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் விஸ்வநாத்துக்குப் பக்கத்துப் பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பினதும் பொழுது போகாமல் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். ரவிக்கை பள்ளிச் சீருடை ஆயிற்று. கொரோனா வந்து ஊரே கவுன், மாஸ்க் என்று பரிதவித்தபோது ஒரு ஆஸ்பத்திரிக்கு கவுன் தைத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் யூனிட்டுக்குச் சோறு போட்டது அந்த ஆஸ்பத்திரிதான். போன தீபாவளிக்கு அவர்களும், துவைத்துப் போடுகிற கவுன் வேண்டாம், போட்டுத் தூக்கி எறிகிற கவுன் போதும் என்று கைகழுவிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ருக்மிணி பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. தோள்பட்டையோ ஒரு பக்கம் சாய்ந்தே போய்விட்டது. காலையில் எழுந்தவுடன் முதலில் தோன்றுகிற நினைப்பு, 'இன்றைக்கு யாரைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும்' என்பதுதான். விஸ்வநாத் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். புனேயில் இருக்கிற பெண் மஹதி, "ஜஸ்ட் கம் ஹியர், அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் பட்டான்செருவில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. அது கிடைத்தால் யூனிட்டை நடத்துவது, இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு ஷட்டரை இழுத்துவிடுவது என்று முடிவாயிற்று. யூனிட்டில் தைக்கிற கனகத்துக்கும் மற்ற மூன்று பெண்களுக்கும் அது தெரியும்.

பட்டான்செருவில் இருந்தது ஒரு மருந்துத் தொழிற்சாலை. அங்கே பர்ச்சேஸ் பிரிவில் இருந்த நஸ்ரின் என்கிற பெண்தான் போனை எடுத்தாள். ருக்மிணி முப்பது வருஷமாகப் பேசுகிற தெலுங்கில் இரண்டு வாக்கியம் பேசினாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நீங்க தமிழா ஆன்ட்டி? எனக்கு ஆம்பூரு. இங்க வந்து ரெண்டு வருஷம்தான் ஆவுது."

நஸ்ரின்தான் விஷயத்தைச் சொன்னாள். பேக்கிங் ஹாலில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். போட்டுக்கொள்ளக் கொடுக்கிற வெள்ளைக் கோட்டோ ஆண்களுக்கு வெட்டியது. கையை மடித்து மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்திக்கொண்டு வேலை செய்கிறார்கள். ரப்பர் பேண்ட் அறுந்து மருந்து டப்பாவுக்குள் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று சூப்பர்வைசர் தினமும் கத்துகிறார். பெண்களுக்கென்றே அளவெடுத்து வெட்டின கோட்டு யாராவது தருவார்களா என்று முதலாளியே ஒரு நாள் கேட்டாராம்.

"ராஜு சார் அஞ்சு நிமிஷம்தான் குடுப்பாரு ஆன்ட்டி. அதுக்குள்ள சொல்லிடணும்."

அஞ்சு நிமிஷம். மாயவரத்துக்காரி ஒருத்தி சௌக்கியமா என்று விசாரித்து முடிக்கவே அது போதாது.

மஹதி வீடியோ காலில் வந்து பயிற்சி கொடுத்தாள். அவளுக்குப் பெரிய கம்பெனியில் வேலை. யாராவது எதையாவது விற்க வந்தால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வதுதான் அவள் வேலை என்பார் விஸ்வநாத். அம்மா தமிழில் பேசினால் அவள் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் தெலுங்கு. ருக்மிணி முதல் தடவை பேசிக் காட்டியபோது கல்யாணத்தில் ஆரம்பித்து, ரவிக்கை, சீருடை என்று வந்து, கொரோனாவைத் தொடும்போதே நேரம் முடிந்துவிட்டது.

"அம்மா, ஸ்டாப். இது பயோடேட்டா இல்லே. ப்ராப்ளம் ஃபர்ஸ்ட்!"

முதலில் அவர்களுடைய கஷ்டம், அப்புறம் நம்முடைய கோட்டு, கடைசியில் வாயைத் திறந்து கேட்பது. இவ்வளவுதான் என்றாள் மஹதி. அந்தக் கடைசிதான் ருக்மிணிக்கு வரவே இல்லை. எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லாத குடும்பம். பந்தியில் ரசம் வேண்டுமென்றாலே, "ரசம் யாருக்காவது வேணுமா?" என்று கேட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள். மஹதி விடவில்லை. "அன்னிக்கே யெஸ் வாங்காம எழுந்துக்கக் கூடாதும்மா. ஒரு தடவை சூத்தாம்னா, இன்னொரு தடவை கேளு. ப்ராமிஸ் மீ" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ருக்மிணி அதை யூனிட்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவே உருப்போட்டாள். காஜா எடுக்கும்போது ஒரு தடவை, துணி வெட்டும்போது ஒரு தடவை. ஆண்கள் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, கையெல்லாம் உள்ளே போய்விட, "பாருங்கள், உங்கள் ஹாலில் பெண்கள் இப்படித்தான் நிற்கிறார்கள்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். கனகம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரிப்பாள். கனகத்தின் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவர். அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அவள் பேசுகிற தமிழில் ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று இந்த ஊர் உருது கல்லும் அரிசியுமாகக் கலந்திருக்கும்.

"ஹவ் அம்மா, நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் சிரிங்க. சாவு வீட்டுக்கு வந்தாப்ல சொல்றீங்க."

நஸ்ரின் தேதி கேட்டு போன் செய்த அன்று ருக்மிணி அடுப்படியில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று நாள் காலியாக இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டாள் நஸ்ரின். ருக்மிணி, "ஏன்னா, நாள் பாத்துச் சொல்லுங்கோ" என்று குரல் கொடுத்தாள். விஸ்வநாத் சுவரில் மாட்டியிருந்த தமிழ்க் காலண்டரைப் புரட்டி, "பத்தொம்பதாம் தேதி அமாவாசை. நிறைஞ்ச நாள். அன்னிக்கே வெச்சுக்கச் சொல்லு" என்றார். அவளும் அதையே சொன்னாள்.

"சூப்பர் ஆன்ட்டி. அன்னிக்கு யாருமே டைம் கேக்கல. சார் ஃப்ரீயா இருப்பாரு" என்று நஸ்ரினும் சந்தோஷப்பட்டாள்.

அமாவாசை காலையில் ருக்மிணிக்கு லாபமாகக் கிடைத்தது வாசலில் கோலம் போடுகிற வேலை இல்லை என்பது ஒன்றுதான். விஸ்வநாத்தின் தர்ப்பணத்துக்கு எல்லாம் எடுத்துவைத்து, வாழைக்காய்க் கறியும் பாயசமுமாகச் சமைத்து மூடிவைத்துவிட்டு, ஒரு வாய் காபியோடு கிளம்பினாள். செகந்திராபாத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பட்டான்செருவுக்கு இன்னொரு பஸ். இறங்கி, ஷிஃப்டுக்குப் போகிறவர்களோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனாள். மடியில் இருந்த பைக்குள் கோட்டுகள் கசங்கக் கூடாதே என்று வழியெல்லாம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காற்றில் மருந்து நாற்றம் வர ஆரம்பித்தபோது வயிறு காலியாக இருப்பது நினைவுக்கு வந்தது.

ராஜு காரு அறுபது வயது மனிதர். நெற்றியில் குங்குமம், நாற்காலிக்குப் பின்னால் பெரிய வெங்கடேஸ்வரர் படம். "செப்பண்டம்மா" என்று பேசச் சொல்லிக் கை கூப்பினார். நஸ்ரின் ஓரமாக உட்கார்ந்து, தைரியம் சொல்வதுபோல் தலையை ஆட்டினாள்.

ருக்மிணி வணக்கம் சொன்ன கையோடு ஆண்கள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பையன் டீ கொண்டுவந்து நீட்டினான். வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் அவள் வாங்கப் போக, தொங்கிக்கொண்டிருந்த கோட்டுக் கை நேராக டீக்குள் முங்கி எழுந்தது. வெள்ளைக் கோட்டில் முழங்கை வரை டீ. ஒத்திகையில் இது இல்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம், அலுப்பிலேயே ஒரு துணிச்சல் வந்தது. நனைந்த கையைத் தூக்கிக் காட்டித் தன் மாயவரத் தெலுங்கில் சொன்னாள்:

"பார்த்தீங்களா சார்? எனக்காவது டீ. உங்க ஹால்ல பொண்ணுங்க கை மருந்துல படறது."

ராஜு காரு சிரித்துவிட்டார். அதன்பிறகு எல்லாம் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. பெண்கள் கோட்டைப் போட்டுக் காட்டினாள். மணிக்கட்டில் பிடிக்கிற பட்டியைக் காட்டினாள். எத்தனை துவைப்புக்கும் தையல் பிரியாது என்று இழுத்துக் காட்டினாள். அவர் எழுந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, மடிப்பைப் பிரித்துப் பார்த்து, நிறைமாதப் பெண்களுக்கும் சேருமா என்று கேட்டார். பக்கத்தில் இரண்டு பட்டன் வரிசை வைத்திருப்பதை அவள் காட்டினாள். "பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறது என்று ஒருத்தர் சொல்லி எத்தனை காலமாயிற்று!

அங்கேயே விட்டிருக்கலாம். சத்தியம் நினைவுக்கு வந்தது.

"எங்களை நம்பி ஒரு தடவை கொடுத்துப் பாருங்க சார். இன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த கையை அவர் எடுத்துக்கொண்டார். திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரை ஒரு தரம் பார்த்தார். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

"சூத்தாம்மா."

ருக்மிணி இரண்டாம் தடவை கேட்டாள். "பெரிய ஆர்டர் வேண்டாம் சார், ஒரு சின்ன ஆர்டர். இன்னைக்கே சரின்னு சொன்னா நாளைக்கே துணி வெட்டிடுவோம்." அவர் முகம் இன்னும் சுருங்கியது. அவள் விடாமல் பையிலிருந்து ஆர்டர் தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தாள். தீ பட்டதுபோல் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சூத்தாம் அம்மா, சூத்தாம்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நஸ்ரினுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட் வரை வந்தாள். "பிடிச்சிருந்துது ஆன்ட்டி அவருக்கு, நான் பாத்தேனே. என்னாச்சின்னே தெரியல" என்று கையைப் பிசைந்தாள். "பரவாயில்லேம்மா, நீ என்ன பண்ணுவே" என்று அவளைச் சமாதானப்படுத்தும் வேலையும் ருக்மிணி தலையிலேயே விழுந்தது.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பஸ் மியாப்பூர் தாண்டும்போது நெஞ்சுக்குள் என்னவோ தளர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. முடிந்தது. இனிமேல் யார் வாசலிலும் நிற்க வேண்டாம், யார் டீயும் குடிக்க வேண்டாம். நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கலாம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியில் தூங்கியும் போனாள். செகந்திராபாத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே யூனிட்டுக்குப் போனாள். நாலு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"சூத்தாம்னுட்டார்" என்றாள்.

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மற்ற மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மெஷின் மூடுகிற துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கனகம் மட்டும் எதையோ யோசித்தாள்.

"இன்னைக்கா போனீங்க? நாளைக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். இன்னைக்கு அமாவாசை ஆச்சே!"

"ஆமாம். நிறைஞ்ச நாள்னுதான்..."

"உங்களுக்கு நிறைஞ்ச நாளு. இந்த ஊர்க்காரங்களுக்கு? எங்க வீட்டு ஓனரம்மா அமாவாசைன்னா புது வெளக்குமாறுகூட வாங்காது. கைக்கு அம்மா, எதுக்கு இன்னைக்குப் போனீங்க? இன்னைக்கு எந்த மனுசன் வாயில சரின்னு வரும்? அதுல நீங்க இன்னைக்கே ஒரு வார்த்த சொல்லுங்கன்னு வேற கேட்டிருப்பீங்க!"

ருக்மிணி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். முப்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். எதிர்வீட்டுப் பெண் அமாவாசை கழியட்டும் என்று கேஸ் அடுப்பை வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்ததற்கு இவளே கேலி செய்திருக்கிறாள். அது அன்றைக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை?

அந்த நேரத்தில் போன் அடித்தது. நஸ்ரின்.

"ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி, எனக்குத் தெரியவே தெரியாது! சார் இப்பத்தான் கூப்ட்டு சொன்னாரு. அமாவாசைக்கு ஆர்டர் எழுத மாட்டாராம். நாளன்னிக்கு நல்ல நாளாம், வரச் சொன்னாரு. கோட்டு ரொம்பப் பிடிச்சிருக்காம். இன்னொரு தடவ மொதல்லேந்து பேசணுமாம், இன்னைக்குப் பேசினது கணக்குல சேராதாம். வருவீங்கல்ல?"

ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டார்கள். மெஷின் துணியை வைத்திருந்தவள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். ருக்மிணி, "சரிம்மா, சொல்றேன்" என்று போனை வைத்தாள். அவள் கண்முன்னால் அந்த இரண்டு பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் வந்து நின்றன. மறுபடியும் அந்தச் சிரிப்பு, அந்த டீ. நல்ல செய்தி கேட்டவளைப்போல அவள் இல்லை. வரம் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டதுபோல உட்கார்ந்திருந்தாள்.

கனகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தெரிஞ்சேதான் இன்னைக்குப் போனீங்களா?"

கனகமே தொடர்ந்தாள்.

"சூத்தாம்னுட்டார்னு வந்து சொன்னப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சி தெரியுமா? தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தாப்ல இருந்துச்சி. இப்ப வரச் சொல்றாங்க, மூஞ்சி செத்துப் போச்சி."

ருக்மிணிக்குக் கோபம் வந்தது. அடுத்த கணமே போய்விட்டது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"தெரியலேடி. வேணும்னு பண்ணலே. ஆனா அவர் எழுந்து போனப்போ எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. முடியலே கனகம். ரொம்ப அசந்துபோச்சு. யாராவது ஒருத்தர், போதும் நிறுத்திக்கோன்னு சொல்லமாட்டாளான்னு இருந்தது."

"அத எங்ககிட்ட கேட்டா நாங்க சொல்ல மாட்டோமா? அதுக்குப் பட்டான்செரு வரைக்குமா போவாங்க?"

ருக்மிணி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷமாக இந்த நாலு பேரையும் தான்தான் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாரம் என்று சொன்னால் கை கொடுப்பார்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ரசம் கேட்கத் தெரியாத குடும்பம்.

கனகம் பையைத் திறந்தாள். டீக்கறை படிந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கை உள்ளே போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு சுத்தமான ஹைதராபாத் தெலுங்கில் ஆரம்பித்தாள். முதலில் அவர்களுடைய கஷ்டம், ரப்பர் பேண்ட், சூப்பர்வைசர் கத்துவது. அப்புறம் நம் கோட்டு, பட்டி, பட்டன் வரிசை. ஒரு வரி விடவில்லை. மெஷினுக்கு மேலே தினமும் காதில் விழுந்ததெல்லாம் அவளுக்கு அப்படியே பாடமாகியிருந்தது. ருக்மிணி நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள், ருக்மிணி மறந்துபோகிற இடத்தைக்கூட மறந்ததுபோல் நடித்துக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ருக்மிணிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, தான் இல்லாமலே இது நடக்கும்போல என்று சுருக்கென்றும் இருந்தது.

கடைசி வரியை மட்டும் கனகம் சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. ருக்மிணிக்கு முன்னால் வந்து நின்று தமிழில் கேட்டாள்.

"எங்கள நம்பி ஒரு தடவ குடுத்துப் பாருங்க. நாளன்னிக்கு நான் போறேன். நீங்க வீட்ல படுத்துத் தூங்குங்க. யூனிட்ட மூட நக்கோ. இன்னைக்கே ஒரு வார்த்த சொல்லுங்க." சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, அமாவாசை. நாளைக்குச் சொல்லுங்க, போதும்."

ருக்மிணி அந்தக் கோட்டின் தொங்குகிற கையைப் பிடித்து இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள்.

"எங்களுக்கு இன்னிக்கு நிறைஞ்ச நாள்டி" என்றாள். "சரி."

கொஞ்ச நேரம் கழித்து, "செகந்திராபாத்துலேந்து இடது பக்கம் ஜன்னலோரமா உக்காந்துக்கோ. அந்தப் பக்கம் வெயில் வராது" என்றும் சொன்னாள்.